மண்ணை விற்ற கணக்கு

நண்பர்கள் நடத்தும் இதழொன்றில் வந்த கட்டுரை எங்களுக்குச் செரிக்கவில்லை. பூமிக்குள் கிடப்பதை எடுத்து விற்று, பணத்தைச் சேமித்து முதலீடு செய்துவிட்டால் வரும் தலைமுறைக்கு ஒரு நட்டமும் இல்லையாம். 1977இல் பொருளியலாளர் ஹார்ட்விக் சொன்ன விதியும் நார்வேயின் எண்ணெய் நிதியும் சாட்சிகள். நார்வேயைச் சொன்னவர் நவ்ருவை ஏன் விட்டார்?

21 சதுர கிலோமீட்டர் தீவு அது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் அதன் பாஸ்பேட்டை வெட்டி வயலுக்கு உரமாக்கின. 1968இல் விடுதலை பெற்ற நவ்ரு, கட்டுரையாளர் கேட்பதையே செய்தது: ராயல்டிக்கு ஓர் அறக்கட்டளை, மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம். பிறகு 1993இல், டாவின்சியைப் பற்றி லண்டனில் போட்ட இசைநாடகத்தில் பணத்தைக் கொட்டியது, நாடகம் படுத்துவிட்டது. 2004இல் கடனுக்குக் கட்டடமும் போயிற்று. தீவின் நடுமேட்டில் மண் போன இடமெல்லாம் ஆளுயரத்துக்கும் மேலாகச் சுண்ணாம்புப் பாறை ஊசி ஊசியாக நிற்கிறது. அங்கே வீடு கட்ட முடியாது, ஒரு தென்னை வைக்க முடியாது. ஜனங்கள் கரையோரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள்.

அது நிர்வாகத்தின் கோளாறு, விதியின் கோளாறல்ல என்று பதில் வரும். எங்கள் சண்டையே அங்கேதான். பாஸ்பேட் பூமிக்குள் கிடந்தவரை அதற்குக் காவல் வேண்டியிருக்கவில்லை. பணமான மறுநாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக நேர்மையான கணக்குப்பிள்ளைகள் வேண்டும். அப்படியொரு வரிசையை எந்த விதி உத்தரவாதம் செய்கிறது? பிறக்காதவர்களுக்கு அறக்கட்டளைக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

எங்களில் சிலர் கல்லூரி நாட்களில் ஜே.சி. குமரப்பாவைப் படித்துக் கிறுகிறுத்தவர்கள். தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் தணிக்கை பயின்ற மனிதர், சிறையில் எழுதிய நூலில் தீர்ந்துபோகும் வளத்தையும் ஊறிவரும் வளத்தையும் பிரித்துவைத்தார். தீர்வதை நம்பி எழும் பொருளாதாரம் வன்முறையில் முடியும் என்றார். காந்தியராக மட்டும் அவரைப் பார்ப்பவர்கள் அந்தத் தணிக்கையாளரைத் தவறவிடுகிறார்கள். முதலை விற்று வருமானமென்று எழுதும் கணக்கில் எந்தத் தணிக்கையாளர் கையெழுத்திடுவார்?

நம் அரசுகள் அப்படித்தான் எழுதுகின்றன. பட்ஜெட்டில் கனிம ராயல்டி, வரியல்லாத வருவாய். கோவா இரும்புத்தாது வழக்கில், விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை வரும் தலைமுறைகளுக்கான நிரந்தர நிதியில் போட உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. பத்து, அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான். கிரானைட்டுக்கும் ஆற்றுமணலுக்கும் அதுகூட இல்லை. ராயல்டி வரவுக்கு எதிரே, அந்த ஆண்டு நிலத்தைவிட்டுப் போனதன் மதிப்பைப் பற்றாக எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கட்டும்.