போறது கியர் இல்லை, கேபிள்

நம்ம பக்கம் ஒரு பேச்சு பரவிக்கிட்டு இருக்கு. "கியர் சைக்கிள் நம்ம ஊருக்கு ஆகாதுவே, ஆறு மாசத்துல பின்கியர் போயிரும்." டீக்கடையிலயும் இதே பேச்சுதான், விக்கிற கடையிலயும் இதே பேச்சுதான். நான் சொல்றேன், இது சுத்தப் பொய். பத்துல எட்டு சைக்கிள்ல கியர் போகவே இல்லை, கேபிள் தளர்ந்திருக்கு. அவ்வளவுதான்.

இந்தப் பொய்யால என்ன நஷ்டம்னு கேட்பீங்க. சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் மாட்டுத்தொழுவத்துல சாத்தி வச்சிருக்கிற கியர் சைக்கிள்களை எண்ணிப் பாருங்க. ஒன்பதாவது படிக்கையில ஆசையா வாங்கிக் கொடுத்தது. கியர் விழலைன்னு ஓரங்கட்டியாச்சு. பத்தாவதுல அந்தப் பையன் அப்பாவோட பைக்கை எடுத்துக்கிட்டு மெயின்ரோட்டுல பறக்கான். 2019-ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டத்துல 199ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. 18 வயசு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டுனா, பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவும் 12 மாசத்துக்கு ரத்து. அபராதத்தை விடுங்க, திருமங்கலம் - கொல்லம் ரோட்டுல ஓடுற லாரிக்கு நம்ம பிள்ளை வயசு தெரியுமா? அரைச் சுத்து திருக வேண்டிய ஒரு திருகைத் திருகாம விட்டதுக்கு இவ்வளவு பெரிய விலையா?

"கியரே எதுக்கு? இலவச சைக்கிள்ல கியரா இருக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2001-02-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கி, 2005-06-ல எல்லாருக்கும் விரிஞ்ச அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான், மறுக்கலை. ஆனா ஆனி, ஆடியில மேகாத்து முகத்துல அறையும்போது, மலையடிவாரம் பாத்து ஏறுற ரோட்டுல புல்லுக்கட்டோட மிதிச்சுப் பாருங்க. கியர் எதுக்குன்னு கால் சொல்லும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். முன்னாடி காலத்து கியருக்கு லீவர்ல கிளிக் கிடையாது, ஓட்டுறவரே சத்தம் கேட்டு இடம் பாத்து நிறுத்தணும். 1984-ல ஜப்பான் ஷிமானோ கம்பெனி டூரா-ஏஸ் ரேஸ் கியர்ல கிளிக் முறையைக் கொண்டுவந்தாங்க. இன்னைக்கு நம்ம பிள்ளைங்க சைக்கிள் வரைக்கும் அதே கணக்குதான். ஒரு கிளிக்குக்குக் கேபிள் இவ்வளவு தூரம்தான் இழுக்கணும்னு அளவு. புதுச் சைக்கிள்ல கேபிளோட அவுட்டர் முனைகள் கொஞ்ச நாள்ல அமுங்கி உக்காரும், கேபிள் தளரும். அளவு தப்புனா செயின் அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறாது, கடகடன்னு சத்தம் போடும். இதுல எந்தச் சாமான் உடைஞ்சிருக்கு?

எங்க சொந்தக்காரப் பையன் சைக்கிளை டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனப்ப, "செட் முழுசா மாத்தணும் அண்ணாச்சி"ன்னாங்க. மாத்தாம வீட்டுக்குக் கொண்டு வந்து முக்கால் சுத்து திருகினோம். இன்னைக்கும் ஓடுது.

செய்யிற முறை இதுதான். சீட்டை ஒரு வேப்பங்கிளையில கட்டி, பின்சக்கரம் தரையில படாம நிறுத்துங்க. செயினைக் கடைசிச் சின்னப் பல்லுல விட்டு, மிதிச்சுக்கிட்டே ஒரு கிளிக் போடுங்க. அடுத்த பல்லுக்கு ஏறலையா? பின்கியர்ல கேபிள் நுழையுற இடத்துல உருண்டையா ஒரு திருகு இருக்கும். பின்னால நின்னு பாத்து, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா அரைச் சுத்து. ரெண்டு பல்லு தாவுதா, இல்லை திரும்பி இறங்க மாட்டேங்குதா? மறுபக்கம் அரைச் சுத்து. அப்பவும் இறங்குறதுக்கு மட்டும் மந்தமா இருந்தா, ஐப்பசி மழையிலயும் சேத்துலயும் அவுட்டருக்குள்ள துருப் பிடிச்சிருக்கும். கேபிளையும் அவுட்டரையும் மாத்துங்க, செட்டை இல்லை.

ஹெச், எல்-னு ரெண்டு திருகு இருக்கும். கடைப் பையன் முதல்ல கை வைக்கிறது அதுலதான், கோபம் வாறதும் எனக்கு அங்கதான். அது ரெண்டும் வரப்பு மாதிரி. செயின் ரெண்டு ஓரத்தையும் தாண்டிப் போகாம தடுக்கத்தான் இருக்கு. எல் திருகைத் தளர்த்திட்டா செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள்ள விழும். கம்பியும் போகும், கியரும் முறுக்கிக்கிட்டுப் போகும். அன்னைக்குத்தான் நிசமாவே செட் மாத்தணும்.

வலது பக்கமா விழுந்த சைக்கிள்னா, பின்னால குனிஞ்சு பாருங்க. கியர்ல இருக்கிற ரெண்டு சின்னச் சக்கரமும் பல்சக்கரத்துக்கு நேரா நிக்கணும். சாஞ்சிருந்தா கியரைத் தாங்குற ஹேங்கர் வளைஞ்சிருக்கு. அதை நிமிர்த்தாம எத்தனை சுத்து திருகினாலும் பிரயோசனம் இல்லை.

கடைக்காரர் சொல்றது உண்மையாகிற இடமும் ஒண்ணு உண்டு. ஸ்கேலை வச்சு செயினை அளங்க. புதுச் செயின்ல ஒரு பின்னுல இருந்து எண்ணி 24-வது பின் சரியா 12 அங்குலத்துல நிக்கும். ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு தள்ளி நின்னா செயினை மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு தள்ளிட்டா செயினோட ப்ரீவீலும் தேஞ்சிருக்கும், அப்ப செலவு நியாயம். ஆனா அளந்து காட்டிட்டுக் கேட்கச் சொல்லுங்க. அளக்காம சொல்றவருக்குக் காசு கொடுக்காதீங்க.

கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழட்டி மாட்டுறோம், ஸ்பிரேயர் வாஷரை மாத்துறோம், அதுக்கெல்லாம் எவன் கிட்டயும் போறதில்லை. இந்த உருண்டைத் திருகுக்கு மட்டும் எதுக்குப் பயம்? விக்கிற கடைக்காரங்களுக்கும் சொல்றேன்: ஆயிரக்கணக்குல வாங்கிட்டு, அந்தத் திருகு எங்க இருக்குன்னு பையனுக்கு ரெண்டு நிமிஷம் காட்டுனா உங்க வியாபாரம் குறைஞ்சிராது. ஒரு மாசம் கழிச்சுக் கேபிளை இறுக்கிக் கொடுக்கிறதையும் விலையிலேயே சேத்துக்கோங்க. காட்டாத கடையில வாங்காதீங்க, அண்ணாச்சி. வாங்கினவங்க தொழுவத்துல கிடக்கிற சைக்கிளை ஞாயித்துக்கிழமை வெளிய எடுங்க. திருகைப் பையன் கையிலயே கொடுங்க.