உப்பு சுமக்கிற அம்மாகிட்ட போய் "நடங்கம்மா" என்கிறோம்

கொஞ்சம் நீளமான இழை. உடம்பு எடைக்காக டாக்டர்கிட்ட திட்டு வாங்கினவங்க கண்டிப்பா படிங்க. திட்டின டாக்டர்களும் படிக்கலாம். நானும் அந்தக் கட்சிதான்.

கீழ்புத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தாங்க. வயது 46. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. உயரம் 150 செ.மீ, எடை 78 கிலோ. மூட்டு வலி, கூடவே சர்க்கரை. "எடையைக் குறைங்கம்மா, சோத்தைக் குறைங்க, தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றேன். மொத்தம் ரெண்டு நிமிஷம். தலையாட்டிட்டுப் போனாங்க.

அடுத்த ஒன்றரை வருஷம் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் அவங்க போகல. திரும்பி வந்தப்போ காலில் ஆறாத புண். சர்க்கரை 380.

ஏம்மா வரலன்னு கேட்டேன். "எடை குறையல சார். வந்தா திட்டுவீங்க." எனக்கு முன்னாடி பார்த்த ரெண்டு டாக்டரும் இதே வசனத்தைத்தான் பேசியிருக்காங்க. அந்தப் புண்ணில் எங்க மூணு பேருக்கும் பங்கு உண்டு.

நான் சொன்னதை இப்போ யோசிச்சுப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வெறும் வயித்தில் ஒரு டீயைக் குடிச்சுட்டு, வெயில் ஏறும் வரை உப்பு வாரி, கூடை கூடையா தலையில் சுமந்து கொட்டுறவங்க. அவங்களை நான் நடக்கச் சொல்லியிருக்கேன். அதுவும் எங்கே? ஈசிஆர் ஓரமா, கார்கள் பறக்கிற ரோட்டிலயா?

"உழைக்கிற உடம்பு குண்டாகாது" என்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உப்பளத்தில் வருஷம் முழுக்க வேலை இருக்கா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, பாத்தியெல்லாம் தண்ணி. அதுக்காகத்தான் அரசே 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருது. வேலை நின்னுடும், பசி நிக்காது. கையில் காசில்லாத அந்த மாசங்களில் வீட்டில் தீராம இருப்பது ரேஷன் அரிசி மட்டும்தான். மூணு வேளையும் சோறு, கூட ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நாளைக்கு அஞ்சு தடவை. டீயிலேயே பத்து ஸ்பூன் சர்க்கரை உள்ளே போகுது. இதை நான் முதல் தடவை கேட்கவே இல்லை.

கேட்காத இன்னொண்ணுதான் பெருசு. மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுறீங்கன்னு ரெண்டாவது தடவைதான் கேட்டேன். முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே வந்தது. மெடிக்கல் கடையில் சீட்டே இல்லாம கொடுக்கிற "செட் மாத்திரை". ரெண்டு வருஷமா வாரத்துக்கு நாலஞ்சு நாள். கூட ஒரு வெள்ளை மாத்திரை, அது ஸ்டீராய்டு. வலி சட்டுனு போகும். பசியும் எடையும் சர்க்கரையும் சேர்ந்து ஏறும். நாங்க மூணு டாக்டரும் அவங்க வாயைக் குறை சொல்லிக்கிட்டிருந்தோம். (நீங்களும் இப்படி எதையாவது சாப்பிட்டால் இன்னைக்கே நிறுத்திடாதீங்க. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்துறது ஆபத்து. டாக்டர்கிட்ட காட்டி படிப்படியா குறைக்கணும். இன்சுலின், கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மருந்துகள், சில மனநல மருந்துகள் கூட எடையை ஏத்தும். மாற்று உண்டான்னு கேளுங்க.)

"எல்லாம் மன உறுதி இல்லாததுதான்" என்று கமெண்ட் போட வருவீங்க, தெரியும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்க. தமிழ்நாட்டுப் பெண்களில் பிஎம்ஐ 25-ம் அதற்கு மேலும் உள்ளவங்க 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். நாலஞ்சு வருஷத்துல நூத்துக்கு ஒன்பது, பத்து பொம்பளைங்களுக்கு ஒரே சமயத்துல மன உறுதி காணாம போச்சா?

உடம்புக்குன்னு ஒரு பிடிவாதம் இருக்கு. எடை குறைஞ்சதும் பசியைத் தூண்டுற கிரெலின் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் இறங்கும். டயட் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் இந்த மாற்றம் அப்படியே இருந்ததுன்னு ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2011இல் வந்தது. குறைச்ச எடை திரும்ப ஏறினா அது உங்க ஒழுக்கக்கேடு இல்லை, உடம்பு பழைய எடைக்குப் போராடுது. பிபி மாத்திரையை நிறுத்தி பிபி ஏறினா யாராவது திட்டுறோமா?

செமாகுளூடைடு ஊசியும் இதையேதான் காட்டுது. 68 வாரத்தில் சராசரியா 15 சதவீத எடை குறைஞ்சது, நிறுத்தின ஒரு வருஷத்தில் அதில் மூணில் ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. சிலருக்கு நல்ல மருந்துதான், ஆனா உப்பளக் கூலியில் அதை வருஷக்கணக்கா வாங்க முடியாது. "30 நாளில் 10 கிலோ" பவுடர் விக்கிறவங்களைப் பத்தி எழுதி என் நேரத்தை வீணாக்க விரும்பல.

அப்போ என்னதான் செய்யணும்? முதலில் இடுப்பை அளங்க. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை சாதாரணமா விட்ட பிறகு. பெண்களுக்கு 80 செ.மீ, ஆண்களுக்கு 90 செ.மீ தாண்டினா கவனிக்கணும். நம்ம உடல்வாகுக்கு பிஎம்ஐ 23-லேயே எச்சரிக்கை, 25-லேயே பருமன்.

இலக்கை சின்னதா வையுங்க. 78 கிலோ அம்மாவுக்கு நான் வச்சது 4 கிலோ, அதாவது 5 சதவீதம். ஓட்ஸ், சியா விதை, ஆலிவ் ஆயில்னு எதுவும் எழுதல. டீயில் சர்க்கரை இல்லை. ரெண்டு கரண்டி சோறு குறைச்சு, அந்த இடத்தில் முருங்கைக்கீரையும் குழம்பு மீனும். மத்தி மலிவா கிடைக்கிற கரை இது. பொரிக்க வேண்டாம். ராத்திரி ஒன்பதரை மணிச் சாப்பாடு ஏழரைக்கு வரட்டும். இதைச் சொல்ல வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். சமைக்கிறவங்க மட்டும் மாறி எதுவும் மாறாது.

முள் இறங்கலன்னாலும் விடாதீங்க. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை மூணு வருஷம் பின்தொடர்ந்தது. முடிவு 2006இல் வந்தது. உணவும் நடமாட்டமும் மாறினவங்களுக்கு சர்க்கரை நோய் வர்ற அபாயம் 28.5 சதவீதம் குறைஞ்சது. எடை பெருசா குறையாமலேயே.

இதில் "பின்தொடர்ந்தது" என்பதுதான் மருந்து. தொற்றா நோய் பரிசோதனைப் படிவத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டம் இருக்கு. அளக்கிறாங்க, எழுதுறாங்க. அப்புறம்? 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக் கதவைத் தட்டி வருது. நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன். அதே கதவில் மாசம் ஒரு தடவை எடையையும் இடுப்பையும் பார்த்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச ஆள் வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடைக்குன்னு ஒரு கிழமை வேணும். கேளுங்க, கிராம சபையில் கேளுங்க.

அந்த அம்மாவுக்குப் புண் ஆறிடுச்சு. ஸ்டீராய்டு நின்னுடுச்சு. எட்டு மாசத்தில் 78 கிலோ 74 ஆச்சு. அப்புறம் மழை வந்தது, வேலை நின்னது, போன மாசம் 76. மெஷினில் ஏறத் தயங்கி, செருப்பைக் கழட்டி, வளையலைக் கூட கழட்டி வச்சுட்டு என் முகத்தையே பார்த்தாங்க. "ஏறட்டும்மா, வந்தீங்கல்ல" என்றேன். அடுத்த தேதியை எழுதிக் கொடுத்திருக்கேன்.