உடைத்தவர் யார்? காத்தவர் யார்?

2011-ஆம் வருஷம் மார்ச்சு முதல் ஜூலை வரையில் லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் ஆப்கானிஸ்தானத்துப் பழம்பொருள்கள் இருநூற்றுக்கு மேல் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஆப்கானிஸ்தானம் பண்டை உலகத்தின் நாற்சந்தி என்று பொருள்படும்படி அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். 2006-இல் பாரிசில் துவங்கிப் பல தேசங்களைச் சுற்றிவந்த பொருள்கள் அவை. கண்டவர்களில் பலர் தங்கத்தின் பளபளப்பையே பேசினார்கள். நமக்கு அது முக்கியமல்ல. அவற்றைச் செய்தவன் யார், உடைக்க வந்தவன் யார், காத்தவன் யார் என்ற மூன்று கேள்விகளே முக்கியம்.

முதலில் செய்தவனைக் கவனிப்போம். “எங்கள் நாகரிகம் அந்நியர் கை படாத சுத்த நாகரிகம்” என்று பெருமை பேசும் பண்டிதர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. அவர்கள் காபூலுக்கு வடக்கேயுள்ள பெக்ராமைச் சற்று பார்க்கட்டும். 1937-லும் 1939-லும் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்த இரண்டு அறைகளைக் கண்டுபிடித்தார்கள். இந்தியத் தச்சன் செதுக்கிய தந்த வேலையும், ரோமாபுரியின் ஆட்சியிலிருந்த நாடுகளின் கண்ணாடிப் பாத்திரங்களும், சீனத்து அரக்குச் சாமான்களும் அங்கே ஒன்றாகக் கிடந்தன. தில்லியா தெபே என்ற மேட்டில் 1978-79-இல் சோவியத் ஆராய்ச்சிக்காரர் சரியனிதி ஆறு சவக்குழிகளைத் தோண்டினார். ஐந்து பெண்களும் ஓர் ஆணும் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களோடு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொன் துண்டுகளும், ரோமச் சக்கரவர்த்தி திபேரியஸின் நாணயமும், சீனத்து முகக் கண்ணாடியும் இருந்தன.

அங்கே அகப்பட்ட ஒரு சிறு பொன் தேவியின் யோக்கியதையைக் கேளுங்கள். அவள் கிரேக்கர்களின் அப்ரோடைட்டி. ஆனால் முதுகில் சிறகு இருக்கின்றது. நெற்றியிலோ இந்தியப் பெண்களைப் போல் பொட்டு இருக்கின்றது! தோழர்களே, இந்தத் தேவி எந்த லோகத்திலிருந்து இறங்கி வந்தாள்? தட்டானுடைய உலையிலிருந்துதானே வந்தாள்? வாங்குகிறவன் ஊருக்குத் தக்கபடி அவன் சிறகு வைத்தான், பொட்டும் வைத்தான். மனிதன்தான் கடவுளைச் செய்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, இனி உடைத்தவனுக்கு வருவோம். பாமியான் மலைச்சுவரில் குடைந்த இரண்டு புத்தர் சிலைகள், ஒன்று 55 மீட்டரும் மற்றொன்று 38 மீட்டரும் உயரமுள்ளவை, சுமார் 1,400 வருஷங்களாக நின்றன. 2001 மார்ச்சில் தாலிபான் ஆட்சியார் முல்லா ஓமரின் கட்டளைப்படி வெடிவைத்துத் தகர்த்தார்கள். காபூல் பொருட்காட்சிசாலைக்குள்ளும் புகுந்து, அங்கிருந்த உருவங்களைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள்.

இதைக் காட்டிச் சிலர் நம்மை மடக்கப் பார்க்கின்றார்கள். “சிலை வணக்கம் கூடாது என்கிறவர்கள்தானே நீங்கள்? தாலிபான் உங்கள் வேலையைத்தானே செய்தான்? நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள்?” என்று கேட்கின்றார்கள்.

கேட்பவர்களுக்குப் பதில் சொல்லுகின்றோம். பாமியானில் அந்தச் சிலைகளுக்குப் பூசை உண்டா? தட்சிணை உண்டா? தீட்டு என்று எவனையாவது தள்ளி நிறுத்தியதுண்டா? ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்து முஸ்லிம் குடியானவர்கள் அவற்றுக்குச் சல்சால் என்றும் ஷாமாமா என்றும் செல்லப் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாக அவற்றின் காலடியில் வாழ்ந்து வந்தார்கள். அவை கடவுள் வேலையை என்றைக்கோ விட்டுவிட்டுக் கல்தச்சனுடைய கைத்திறனாக நின்றன. பொருட்காட்சிசாலையின் பெருமையும் இதுதான். கோயிலில் இருக்கும்வரை கல் கடவுளாயிருந்து மனிதனைக் குனிய வைக்கிறது. பொருட்காட்சிசாலைக்கு வந்த பின்பு அது கல்லாகிறது, மனிதன் நிமிர்ந்து நின்று அதைப் பார்க்கிறான்.

நாம் சொல்லுவது, “யோசித்துப் பார், பிறகு விட்டுவிடு” என்பது. தாலிபான் சொன்னது, “என் ஆண்டவன் கட்டளை, யோசிக்காதே” என்பது. இரண்டும் ஒன்றாகுமா? ஒரு கடவுளின் பேரால் மற்றொரு மதத்தின் சின்னத்தை உடைப்பது பகுத்தறிவாகாது. அது பக்தி முற்றிய பைத்தியமேயாகும். 1992 டிசம்பரில் அயோத்தியில் மசூதியை இடித்தவர்களும் இதே வியாதிக்காரர்கள்தான். அவர்கள் பாமியானுக்காகக் கண்ணீர் விடுவதில் என்ன அர்த்தமிருக்கின்றது?

கடைசியாகக் காத்தவர்களைப் பார்ப்போம். 1989 வாக்கில் யுத்தம் நெருங்குவதைக் கண்ட பொருட்காட்சிசாலைச் சிப்பந்திகள் சிறந்த பொருள்களை ஜனாதிபதி மாளிகையின் நிலவறைப் பெட்டகத்துக்கு மாற்றினார்கள். 1993-இல் காபூல் பொருட்காட்சிசாலை மேல் ராக்கெட்டு விழுந்தது. கொள்ளைக்காரர்கள் அகப்பட்டதை வாரிக்கொண்டு போனார்கள். தாலிபான் ஆட்சி வந்து போயிற்று. அவ்வளவு காலமும் விஷயம் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. 2003-இல்தான் பொருள்கள் பத்திரமாயிருப்பது வெளியாயிற்று. காத்தது மந்திரமா, யந்திரமா? சிறகு முளைத்த தேவி பறந்து போய்த் தன்னைக் காத்துக்கொண்டாளா? இல்லை. உமரா கான் மசூதி போன்ற மனிதர்களுடைய மூடிய வாயும் பூட்டிய இரும்புக் கதவுமே காத்தன. அவர்களும் முஸ்லிம்கள்தான் என்பதை, ஒரு மதத்தார் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

ஆனால் கதை முடியவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் மறுபடியும் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். காபூல் பொருட்காட்சிசாலையைத் திறந்தும் வைத்தார்கள். உலகம் அதைக் கண்டு சந்தோஷப்பட்டது. அதே ஆட்சியார் பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். 2022 டிசம்பரில் சர்வகலாசாலைக் கதவையும் சாத்தினார்கள். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் செத்துப்போன ஐந்து பெண்களின் நகைக்கு உலகமெல்லாம் மரியாதை! இன்று உயிரோடிருக்கும் அந்நாட்டுப் பெண்ணுக்கு, அந்த நகையின் சரித்திரத்தைக் கல்லூரியில் படிக்க உரிமை இல்லை!

பழம்பொருளைக் காப்பது நல்ல காரியந்தான். ஆனால் அதைப் பார்க்கும் கண்ணைக் குருடாக்கிவிட்டுப் பொருளை மட்டும் காத்து என்ன பிரயோஜனம்? உடைந்த சிலைக்காகக் கூட்டம் போட்ட தேசங்கள், மூடிய பள்ளிக்கூடத்துக்காக என்ன செய்தன என்று கேட்கின்றோம். சிலையை உடைத்தவனும் பள்ளியை மூடியவனும் ஒருவனே. சிலை போனால் அதன் படமாவது மிஞ்சும். ஒரு தலைமுறையின் அறிவு போனால் எது மிஞ்சும்?