துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது?

என்னடா, பி.காம் படிக்கிற ஆளு டேட்டாபேஸைப் பத்தி எழுதுதேன்னு பார்க்காதீங்க மக்களே. கணக்கு எழுதுகிற மென்பொருளுக்கெல்லாம் அடியில் ஒரு டேட்டாபேஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. அது நின்றால் எங்கள் பிழைப்பும் நின்றது.

போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸுக்கு ஒரு குணம். ஒரு வரியைத் திருத்தினால் பழையதை அழிக்காது. புதிதாக ஒன்றை எழுதிவிட்டு, பழையதை அப்படியே விட்டுவைக்கும் (அந்த நேரத்தில் வேறு யாராவது அதைப் படித்துக்கொண்டிருக்கலாமே!). இப்படிச் சேரும் செத்த வரிகளைப் பெருக்கி எடுப்பதுதான் வாக்யூம்.

ஆரம்பத்தில் இதை ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், அல்லது நேரம் குறித்து வைக்க வேண்டும். 2003-ல் வந்த 7.4 பதிப்பில் தானாகப் பெருக்கும் ஒரு தனி நிரல் சேர்ந்தது. 2005 ஜனவரியில் வந்த 8.0-ல் அதை விண்டோஸ் சர்வீஸாகவும் நிறுவ முடிந்தது. ஆனாலும் அது வெளியாள்தான். அதே வருடக் கடைசியில், 8.1-ல் சர்வருக்குள்ளேயே குடியேறியது. ஆனால் நாம் 'ஆன்' செய்தால்தான் ஓடும். 2008-ல் வந்த 8.3-லிருந்துதான் சொல்லாமலே ஓட ஆரம்பித்தது.

என்னைக் கேட்டால், இந்தக் கடைசி மாற்றம்தான் பெரிசு. ஏனென்றால் 'ஆன்' செய்ய மறப்பவருக்குத்தான் அது ரொம்பத் தேவை!

எங்கள் பாடத்திலும் இதே கதைதான். வருடம் ஒருமுறை கடையைச் சாத்திவிட்டு சரக்கு எண்ணுவது ஒரு முறை. வியாபாரம் நடக்கும்போதே தினம் கொஞ்சம் எண்ணுவது இன்னொரு முறை. இரண்டாவதில் தவறு சீக்கிரம் தெரியும், கடையும் மூடாது.

"வேலை நேரத்தில் பெருக்கினால் வேகம் குறையாதா?" என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்காகத்தான் நடுநடுவே மூச்சு வாங்கிப் பெருக்குகிறது. எடுத்த எடுப்பில் கிளம்பிவிடுவதும் இல்லை. 50 வரியோடு அட்டவணையில் 20 சதவீதம் சேர்ந்த அளவைக் குப்பை தாண்ட வேண்டும். அதாவது 1,000 வரி இருந்தால் 250. எங்கள் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டம் முழுக்கக் கலையட்டும், அப்புறம் பெருக்கலாம் என்று விட்டால் நடுராத்திரிக்கு மேல் வருகிறவர் எதில் கால் வைப்பார்?

ஆனால் பின்னணியில் ஓடுவது வேறு, கண்ணில் படாமல் போவது வேறு. போஸ்ட்கிரெஸில் எழுதும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு எண் உண்டு. அது வட்டமாகச் சுற்றும். ஏறக்குறைய 200 கோடிக்குள் பழைய வரிகளை வாக்யூம் பத்திரப்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் பழையது புதியதாகத் தெரிந்துவிடும் என்பதால், சர்வர் எழுதுவதையே நிறுத்திவிடும். 2015 ஜூலையில் சென்ட்ரி நிறுவனமும், 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் சேவையும் இப்படித்தான் முடங்கின. எழுதும் வேகத்துக்குப் பெருக்கும் வேகம் ஈடு கொடுக்கவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். பராமரிப்பு வேலையை மனிதனின் ஞாபகத்தை நம்பி விடக்கூடாது. உள்ளேயே வைத்து, கேட்காமலே ஓட விட வேண்டும். ஆனால் எவ்வளவு குப்பை பாக்கி என்று தினம் ஒருவர் பார்க்க வேண்டும். கணக்குப்பிள்ளை இருந்தாலும் முதலாளி பேரேட்டைப் புரட்டத்தானே செய்கிறார்?