கிருமியைச் சுற்றி ஒரு வேலி

காசநோய்க்கு மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்திற்குள் பலருக்கு இருமல் அடங்குகிறது, பசி திரும்புகிறது. அப்போது புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “இனி மாத்திரை எதற்கு? எதிர்ப்புச் சக்திக்கு ஒரு டானிக் எழுதித் தரக்கூடாதா?” கூடாது என்பதே எங்கள் கருத்து.

எதிர்ப்பாற்றலை மட்டுமே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. பொத்தேரியிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் ரயில் தாம்பரத்தை அடுத்து நிற்கும் சானடோரியம் நிலையம் இன்றும் அக்காலத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அக்கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றால் உடலைத் தேற்றிக் காத்திருப்பதே சிகிச்சை. தேறியவர்கள் உண்டு, தேறாதவர்கள் மிகப் பலர்.

காரணம் கிருமியின் இயல்பில் இருக்கிறது. மூச்சுக்காற்றோடு நுரையீரலை அடையும் கிருமியை அங்குள்ள விழுங்கணுக்கள் அந்நியமென்று உணர்ந்து விழுங்குகின்றன. வேறு பல கிருமிகள் அத்துடன் செரிக்கப்பட்டுவிடும். மெழுகு போன்ற தடித்த உறையுடைய காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. சில வாரங்களில் ‘டி’ அணுக்கள் கிருமியின் புரதத் துணுக்குகளை அடையாளங்கண்டு திரண்டு வந்து, விழுங்கணுக்களைத் தூண்டி, கிருமியைச் சுற்றி வேலி அமைக்கின்றன. தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வாழ்நாள் முழுதும் நோயுறாதிருப்பது இவ்வேலியால்தான். ஆயினும் வேலிக்குள் கிருமி உயிரோடு உறங்கலாம். சர்க்கரை நோய், ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி., ஸ்டீராய்டு மருந்து இவற்றால் வேலி தளர்ந்தால் அது விழித்துக்கொள்ளும்.

இந்த ஆற்றலை வெளியிலிருந்து கூட்டுவது எளிதன்று. 1968-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை. (சிசுக்களை மூளைக் காசநோயிலிருந்து காப்பதால் அவர்களுக்கு இன்றும் போடுகிறோம்.) தடுப்பூசிக்கே கைகூடாததை வண்ணப் புட்டியில் வரும் டானிக் சாதிக்கும் என நாங்கள் நம்பவில்லை. அந்தப் பணத்திற்குப் பருப்பும் முட்டையும் வாங்குவது மேல்.

இருமல் நின்ற பிறகும் எஞ்சியிருப்பவை மெல்ல வளரும், மருந்துக்கு எளிதில் மடியாத கிருமிகள். ஆறு மாதம் என்பது அவற்றுக்கான கணக்கு. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். முந்தைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். வீட்டில் சிறு குழந்தையோ சர்க்கரை நோயாளரோ இருந்தால், அடுத்த முறை வரும்போது அவர்களையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.