மைதானம் கற்பிக்கும் பௌதிகம்

பௌதிகவியல் என்றதும் கரும்பலகையும் சமன்பாடும் வினாத்தாளுமே எமது மாணவரின் மனக்கண்முன் தோன்றுகின்றன. கலைப்பீடத்தார் அது தமக்குரியதன்று என ஒதுக்குகின்றனர். விஞ்ஞானம் பயில்வோருள்ளும் பலர் பரீட்சையோடு அதற்கு விடைகொடுத்து விடுகின்றனர். மாலைதோறும் மைதானத்திலே கண்ணெதிரே நிகழும் இயக்கத்தை இரு சாராரும் காண்பதில்லை. இக்குருட்டுத்தன்மை இயற்கையானதன்று, எமது கல்விமுறை பயிற்றுவித்தது.

துடுப்பாட்டத்தில் பிடியெடுப்பவன் கைகளைப் பின்னிழுப்பது ஏன்? 160 கிராம் திணிவுடைய பந்து செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வருகிறதெனக் கொள்வோம். அது 0.01 செக்கனில் நிறுத்தப்படின் கை தாங்கும் சராசரி விசை 320 நியூற்றன். கைகளை அரை மீற்றர் பின்னிழுத்து 0.05 செக்கனில் நிறுத்தினால் அது 64 நியூற்றனாகக் குறைகின்றது. உந்தமாற்றம் ஒன்றே, நேரம் நீள, நோவு குறைகின்றது. கிளித்தட்டிலே ஒருபுறம் பாய்வதாகப் போக்குக்காட்டி மறுபுறம் நழுவுபவன், தட்டுக்காவலனின் உடலிலுள்ள சடத்துவத்தையே தனக்குத் துணையாக்குகின்றான். கரம் பலகையிற் பவுடர் தூவும் சிறுவன் உராய்வைக் குறைத்து, நியூற்றனின் முதலாம் விதியை அண்மித்துச் செல்கின்றான்.

ஆயினும், அடிக்கப்பட்டு உயரே செல்லும் பந்தின்மீது தொழிற்படும் விசைகள் யாவை என வினவுக. ‘மட்டையின் விசை’ என விடையிறுப்போர் இன்றும் உளர். மட்டையை விட்டகன்ற கணத்திலேயே அவ்விசை ஒழிந்துவிடுகின்றது. எஞ்சுவன புவியீர்ப்பும் வளியின் தாக்கமுமே. இயங்கும் பொருளை ஏதோவொன்று இடையறாது உந்தவேண்டும் என்ற அரிஸ்டோட்டில் காலத்து எண்ணத்தை, கலிலியோவின் 1638ஆம் ஆண்டு நூலும் நியூற்றனின் 1687ஆம் ஆண்டு நூலும் தகர்த்தன. விதிகளை மனனஞ்செய்து புள்ளிபெற்றவன் அவ்வெண்ணத்தையே இன்னும் சுமந்து திரிவானாயின், அவன் பெற்ற கல்விதான் யாது?

சூத்திரம் அறியாதவனும் திறம்படப் பந்தைப் பிடிக்கின்றானே எனச் சிலர் வாதிடலாம். மெய்யே. இலக்கணம் அறியாத உழவனும் இனிய தமிழ் பேசுகின்றான். அதனால் நன்னூல் வேண்டாமென எவரும் கூறுவதில்லை. செய்யத் தெரிதல் வேறு; செய்வது இன்னதென உணர்தல் வேறு. உணர்ந்தவனே பிறர்க்கு உரைக்கவும் தன் பிழையைத் திருத்தவும் வல்லவனாவான்.

ஆர்முடுகல், உந்தம், சடத்துவம் முதலிய கலைச்சொற்கள் கடினமானவை எனக் குறைகூறுவாரும் உளர். கடினம் சொல்லில் இல்லை. பொருளைக் காட்டாது சொல்லை மட்டும் புகட்டும் முறையிலேயே உள்ளது. ‘உந்து’ என்பதை அறியாத தமிழ்க் குழந்தை உண்டோ? மைதானத்தில் ஒருமுறை கண்டுணர்ந்தவனுக்கு அச்சொல் அந்நியமாவதில்லை. காணாதவனுக்கு எம்மொழிச் சொல்லும் வெற்றொலியே.

விளையாட்டுக்குரிய பாடவேளையைப் பறித்து வினாத்தாள் பயிற்சிக்கு வழங்கும் பாடசாலைகள், மாணவனின் உடல்நலத்தை மட்டுமன்றி, அவன் விஞ்ஞானத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்பையும் பறிக்கின்றன. ஓர் அளவுநாடாவும் ஒரு நிறுத்தற் கடிகாரமும் கொண்டு வகுப்பை வெளியே அழைத்துச் செல்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆசிரியரின் மனமே வேண்டும். கலை பயில்வோரும் அங்கு வந்து நிற்கட்டும். பந்து எப்பீடத்தார்க்கும் ஒரே விதிப்படியே விழுகின்றது.