சொல்லாமல் விட்டோம்

மும்பைத் தமிழர்களான நாம் காசநோயைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலெல்லாம் வாயை மூடிக்கொண்டோம். மகளுக்கு வந்தால் சளி பிடித்திருக்கிறது என்றோம். மருமகளுக்கு வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற நாமோ, அது தாராவிக்காரர்களின் நோய் என்று இருந்துவிட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா இருமினால் மருந்து எடுக்கிறாரா என்று கேட்கவில்லை. வேறு ஆள் பார்த்தோம்.

இந்த மௌனத்தில் இரண்டு சேதிகள் அமுங்கிப்போயின. இரண்டுமே ரிஃபாம்பிசின் என்ற மருந்தைப் பற்றியவை. செங்கல் நிறத் தூள். உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். ரத்தம் போகிறது என்று பயந்து மூன்றாம் நாளே நிறுத்தியவர்கள் நம்மிடையே உண்டு. நிறம் மாறும், பயப்படாதே என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

முதல் சேதி, கிருமியைப் பற்றியது. டி.என்.ஏ.வில் உள்ளதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க கிருமியிடம் ஒரு நொதி இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதில் போய் ஒட்டிக்கொண்டு, படியெடுப்பதைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். கிருமி சாகும். ஆனால் ஏறக்குறைய பத்துக் கோடிக் கிருமிகளுக்கு ஒன்றில், அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து தானாகவே மாறியிருக்கும். அதில் மருந்து ஒட்டாது. எழுத்தை மாற்றுவது மருந்தல்ல. மாறாதவற்றையெல்லாம் கொன்று, மாறியதற்கு இடம்விட்டுக் கொடுப்பதுதான் மருந்தின் வேலை. அதனால்தான் நாலு மருந்தோடு ஆரம்பித்து ஆறு மாதம் கொடுக்கிறார்கள்: ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் சாகும். நாம் என்ன செய்தோம்? இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தினோம். கையில் காசு இல்லாத மாதம் நாலில் இரண்டை மட்டும் வாங்கினோம். தப்பிய கிருமி தழைத்தது.

மருத்துவர்கள் பங்கும் இதில் உண்டு. 1991-இல் வெளியான ஆய்வில், மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொழில் செய்த சுமார் நூறு தனியார் டாக்டர்கள் 80 விதமான மருந்துச் சீட்டு எழுதியிருந்தார்கள். 2010-இல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் சகாக்களும் திரும்பப் பார்த்தபோது 106 டாக்டர்கள் 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். அடுத்த ஆண்டே, தாராவிக்கு அடுத்த மாஹிமில் இருக்கும் இந்துஜா மருத்துவமனையிலிருந்து அதே உத்வாடியா, சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் மசியாத காசநோயாளிகளைப் பற்றி எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் அது பேச்சாகவே இல்லை. இத்தனைக்கும், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே குணம் கிடைக்கும் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அந்தத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாம்தான் வீட்டுக்குள்ளேயே நோயை ஒளித்து வைத்தோம்.

இரண்டாவது சேதி நம் உடம்பைப் பற்றியது. அதைச் சொல்லாமல் விட்டதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. இதே ரிஃபாம்பிசின் நம் கல்லீரலில் பிரக்னேன் எக்ஸ் என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. அது போய் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாது. வேலை மட்டும் பல மடங்கு கூடும். ஒன்றிரண்டு வாரத்தில் கல்லீரலில் அந்த நொதிகள் பெருகிவிடும். அப்போது கர்ப்பத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோன், வேலை செய்யும் முன்பே சிதைந்துபோகும். அரசு இலவசமாகத் தரும் மாலா-என்-னும் இதற்கு விலக்கல்ல. சில சர்க்கரை மாத்திரைகளின் வலுவும் குறையும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் அப்படித்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்களுக்கு மாத்திரை பலிக்காமல் போவது 1970-களின் தொடக்கத்திலேயே மருத்துவ ஏடுகளில் வந்துவிட்டது. அரை நூற்றாண்டாகியும் நம் சால் குடியிருப்புகளில் அந்தச் சேதி வந்து சேரவில்லை. அரிசி டப்பாவுக்குள் ஒரு பக்கம் டிபி மாத்திரை அட்டை, இன்னொரு பக்கம் கர்ப்பத்தடை மாத்திரை அட்டை. முன்னதை நம் மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் விழுங்கினாள்; பின்னதைப் பற்றி டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டாள். டாக்டரும் கேட்கவில்லை. நாள் தள்ளிப்போனபோது அவளைத்தான் குறை சொன்னோம். மாத்திரையை மறந்திருப்பாள் என்றோம். அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று நாடு சொன்ன கெடு வந்து போய்விட்டது. ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமியா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லும் சிபிநாட் சோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். சிகிச்சையும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. அரசு தர முடியாதது பக்கத்தில் இருப்பவரின் பேச்சு ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலோ, மாடியிலோ, வேலை செய்யும் இடத்திலோ டிபி மருந்து எடுக்கும் பெண் இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்: வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடு, ரிஃபாம்பிசின் எடுக்கும் வரையிலும், முடித்த பிறகு ஒரு மாதமும் கர்ப்பத்தடை மாத்திரையை நம்பாதே, காப்பர்-டி பற்றிக் கேள், இருமல் நின்றாலும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதே.